ஷி ஷியும் கொஞ்சம் ‘ஓவரும்’

அன்புள்ள ஐயா,

மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த பதின்வயதினர் நாவல் ஒன்றைப் படித்தேன். சீனப் பேரழகி ஷி ஷியின் கதை. ஓடையில் நூல் அலசும் பெண்ணை எதிரி மன்னனை மயக்க அனுப்புகிறார்கள். அவளோ அமைச்சர் ஃபான் லியைக் காதலிக்கிறாள். விடிய விடியப் படித்து அழுதேன். ஆனாலும் எல்லாமே கொஞ்சம் ஓவர். இதில் வரலாறு எவ்வளவு? ஐம்பது வயதில் இதை ரசிக்கலாமா?
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாக ரசிக்கலாம். நானும் இந்த வகை நாவல்களை விடுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் ஓவர் என்பதெல்லாம் பெரும்பாலும் பழைய ஏடுகளில் இருப்பதுதான். வூ நாட்டிடம் தோற்ற யுவே மன்னன் கோவ்ஜியன், அவமானம் மறக்காதிருக்கப் பித்தப்பையைத் தொங்கவிட்டு நக்கிப் பார்த்தான். அவனை நம்பாதே என்று எச்சரித்த தன் அமைச்சர் வூ ட்ஸிஷூவைத் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னான் வூ மன்னன் ஃபூச்சாய்; நாவலின் எதிரி மன்னன் இவன்தான். ‘என் கண்களைப் பிடுங்கிக் கிழக்கு வாசலில் மாட்டுங்கள், யுவே படை நுழைவதைப் பார்க்க வேண்டும்’ என்றுவிட்டு அவர் செத்தார். கி.மு. 473இல் வூ வீழ்ந்தது. செத்த அமைச்சர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தன் முகத்தை மூடிக்கொண்டு உயிரை விட்டான் ஃபூச்சாய். இதெல்லாம் பழங்காலச் சீன வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதிய வரலாற்றில் வருகிறது. எந்த நாவலாசிரியருக்கு இவ்வளவு துணிச்சல் வரும்?

ஆனால் அங்கே ஷி ஷி இல்லை. வூ அமைச்சர் ஒருவருக்கு அழகிகளை லஞ்சமாகக் கொடுத்தார்கள் என்பதோடு சரி. அவள் கதை பிற்கால நூல்களில்தான் வளர்கிறது. சீன நகரமான சூஜோ பக்கத்து லிங்யான் குன்றில் அவளுக்காக ஒரு நடைக்கூடம் இருந்ததாம். பலகைக்கு அடியில் வெற்று ஜாடிகள். மரச்செருப்போடு அவள் நடந்தால் மணி போல ஒலிக்கும். வேவு பார்க்க வந்தவள் ஓரடி எடுத்துவைத்தாலும் அரண்மனைக்கே கேட்கும்! இதைக் கோட்டைவிடும் காதல் நாவல்மேல் எனக்குக் கோபமே வரும்.

முடிவும் இரண்டு விதம். ஃபான் லியோடு படகேறி ஏரிகளுக்குள் மறைந்தாள் என்பது ஒன்று. அழகே காரணமாக அவள் நீரில் மூழ்கி இறந்தாள் என்கிறது சீனத் தத்துவஞானி மோட்ஸியின் பெயரில் வரும் பழைய நூல். உங்களை அழவைத்தது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

எனக்கொரு குறை உண்டு. ஷி ஷியின் கூடவே அனுப்பப்பட்ட இன்னொரு அழகி ஜெங் தானை, கதாநாயகிக்குத் தோழி வேண்டுமே என்று ஒப்புக்கு வைத்துவிடுகிறார்கள். அவளையே நாயகியாக்கிய நாவல் உங்கள் மகள் கண்ணில் பட்டால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.