கேள்வி பதில்: புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சண்டை வந்தால் நிர்வாகி என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, ஒரே விஷயத்தைச் சுற்றியவை. அதனால் இந்த வாரம் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆலயப் புலனக் குழுவில் 230 பேர். பாதிப் பேர் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று குடிபெயர்ந்துவிட்டவர்கள். திருவிழாவைச் சித்ரா பௌர்ணமியன்றே வைப்பதா, வெளியூர்க்காரர்களுக்காகச் சனி ஞாயிறுக்குத் தள்ளுவதா என்று ஆரம்பித்த பேச்சு, ஒரே ராத்திரியில் 400 செய்தியாகி, "ஊரை விட்டுப் போனவனுக்கு இங்கே என்ன பேச்சு" என்பதில் வந்து நின்றது. குழுவைப் பூட்டிவிட்டேன். இப்போது இரண்டு தரப்பும் என்னைத் திட்டுகிறது.

பதில்: பூட்டியது சரிதான். காரணமும் நேரமும் சொல்லாமல் பூட்டியதில்தான் வம்பு. கடைசியாகத் திரையில் நிற்கும் செய்தி யாருடையதோ, அவர் பக்கம் நீங்கள் சாய்ந்ததாகத்தான் எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். 'நிர்வாகிகள் மட்டும் எழுதலாம்' என்று மாற்றிய கையோடு மூன்று வரி போடுங்கள்: எதற்காகப் பூட்டினோம், எப்போது திறப்போம், திறந்ததும் எதைப் பற்றி மட்டும் பேசலாம். ராத்திரி 11 மணிக்குப் பூட்டினால் மறுநாள் இரவு 8 மணிக்குத் திறந்துவிடுங்கள். நாள்கணக்கில் பூட்டி வைத்தால் ஆளுக்கொரு புதுக் குழு முளைக்கும். சண்டை அங்கே போய்த் தொடரும், கேட்க ஆள் இருக்காது.

பூட்டிய நேரத்தில்தான் உங்களுக்கு உண்மையான வேலை. 400 செய்தியையும் உட்கார்ந்து படியுங்கள். அதில் மூன்று சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன: திருவிழா தேதி, வெளியூரில் இருப்பவருக்கு முடிவெடுப்பதில் பங்கு உண்டா என்பது, மனசைப் புண்படுத்திய ஒரு வாக்கியம். இரண்டாவதைப் புலனத்தில் தீர்க்கவே முடியாது. பதிவு பெற்ற ஆலயமாக இருந்தால், யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு என்று சங்க விதியில் இருக்கும். அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, ஆண்டுக் கூட்டத்துக்கு ஒத்தி வையுங்கள்.

புண்படுத்திய வாக்கியத்தை, தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்ட பிறகு நீக்குங்கள். இல்லாவிட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பிறகு ஒரு சண்டை வரும். அதற்குப் பதிலாக வந்த வசவையும் சேர்த்தே நீக்க வேண்டும். முதலில் திட்டியவரைக் கண்டித்துவிட்டு, திருப்பித் திட்டியவரை விட்டுவிடும் நிர்வாகிகள்தான் அதிகம். நிர்வாகி மேல் இருக்கும் நம்பிக்கை அங்கேதான் உடைகிறது.

தேதி விஷயத்தில், ஒவ்வொரு தரப்பு வாதத்தையும் மூன்று வரியில் நீங்களே எழுதுங்கள். போடுவதற்கு முன், அந்தந்தத் தரப்பில் ஒருவருக்குத் தனியாக அனுப்பி, "நீங்க சொல்றது இதுதானே?" என்று கேளுங்கள். அவர் "ஆமாம், இதேதான்" என்று சொல்லும்வரை திருத்துங்கள். சொன்னது காதில் விழவில்லை என்று நினைப்பதால்தான் மனிதர்கள் அதையே பத்து முறை எழுதுகிறார்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதிச் சூடு தணிந்துவிடும்.

திறந்த பிறகு இரண்டு நாளைக்குக் குரல் பதிவு வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நிமிடப் பதிவை முழுசாகக் கேட்பவர் குறைவு. அதில் ஒரு தப்பான சொல் இருந்தால், நல்ல கருத்தையும் சேர்த்துத்தான் நீக்க வேண்டியிருக்கும். கருத்துக் கணிப்பு வைத்தால், ஒருவரே பல பதில் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது புலனத்தில் எல்லாருக்கும் தெரியும். மாமனார் இருக்கும் குழுவில் மருமகள் மனசில் இருப்பதைப் போடமாட்டாள். ஆகவே கணிப்பை நாடி பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, முடிவைக் கூட்டத்தில் சீட்டு எழுதிப் போட்டு எடுங்கள்.

கேள்வி: தகாத வார்த்தை எழுதிய ஒரு பையனைப் போன மாதம் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அதே வார்த்தையை என் சொந்த மாமா எழுதியிருக்கிறார்.

பதில்: இதை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. வேறு வேறு குடும்பத்திலிருந்து மூன்று நிர்வாகிகளாவது வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டாலோ, அந்த வாக்குவாதத்தில் தானே கருத்துச் சொல்லியிருந்தாலோ, அந்த நிர்வாகி ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று குழு விவரத்திலேயே எழுதி வையுங்கள். மற்ற இருவரிடம் பெயரை மறைத்துச் செய்தியை மட்டும் காட்டி முடிவு கேளுங்கள்.

படிகள் எல்லாருக்கும் ஒன்றே: முதல் தடவை தனிச்செய்தியில் சொல்வது, இரண்டாம் தடவை குழுவில் எச்சரிப்பது, மூன்றாம் தடவை ஏழு நாள் வெளியே எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பது. புலனத்தில் ஒருவரை மட்டும் வாயடைத்து வைக்க வழி இல்லாததால்தான் இப்படி எடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. டெலிகிராமில் ஒருவரை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதவிடாமல் தடுக்கலாம். அந்தப் பையனை முதல் தடவையிலேயே எடுத்திருந்தால், இன்றே கூப்பிட்டுச் சேர்த்துவிட்டு அதைக் குழுவிலும் சொல்லிவிடுங்கள்.

பெரியவரிடம் பேசும் விதம் மட்டும் மாறலாம். நேரிலோ தொலைபேசியிலோ, "மாமா, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. நீங்க கேட்ட கேள்வி அப்படியே இருக்கட்டும், அதுக்குப் பதில் நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: உறுப்பினர் எழுதியதற்கு நிர்வாகி மேல் வழக்கு வருமா?

பதில்: வரலாம். 2012-இல் நடப்புக்கு வந்த, சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, நிர்வாகியாகப் பெயர் காட்டப்பட்டவரே அதை வெளியிட்டதாக அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித்தள நிறுவனத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. இணையத்தில் ஆபாசம், மிரட்டல் போன்ற தகாத செய்திகளைப் பரப்புவதைத் தண்டிக்கும், தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவுக்கும், 2025 பிப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு, உச்ச அபராதம் 500,000 ரிங்கிட், சிறை இரண்டு ஆண்டு வரை. இனம், மதம், அரச குடும்பம், மிரட்டல் பற்றிய செய்தி வந்தால் மற்ற நிர்வாகிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பார்த்தவர் உடனே திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு நீக்கட்டும், பேச்சுவார்த்தையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வழக்கு என்று ஏதாவது வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: கோயில் கணக்கை மூன்று முறை கேட்டேன். "குழப்பம் பண்ணுகிறார்" என்று என்னை எடுத்துவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: இல்லை. கணக்குக் கேட்பது சண்டை ஆகாது. பதில் வராத கேள்வியைத் திரும்பக் கேட்பதும் தொல்லை ஆகாது. "திருடிட்டாங்க" என்று ஆதாரமில்லாமல் எழுதியிருந்தால் அந்தச் செய்தியை மட்டும் நீக்கலாம், ஆளை அல்ல. செயலாளருக்கு எழுத்து மூலம் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவின் நிர்வாகிகள் இதைப் படித்தால், அவரை இன்றே திரும்பச் சேர்த்து, வரவு செலவு எந்தத் தேதியில் குழுவில் போடப்படும் என்பதையும் எழுதிவிடுங்கள்.