ஒரே தாளத்தில் வீசும் கை: கேமில் ஓட்டம் வராதது ஏன்?

கேள்வி: நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், பாவித்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றையும் கிரிக்கெட் 19 கேமையும் வாங்கித் தந்தார். தோட்டத்து மென்பந்து அணியில் மூன்றாவதாக இறங்கி நன்றாகவே அடிப்பேன். கேமில் பத்து ஓவர் மேட்ச் போட்டால் மட்டும் 50 ஓட்டத்துக்குள் எல்லோரும் அவுட். ஸ்பின்னரை அடித்தால் பெரும்பாலும் ‘ஏர்லி’ என்று காட்டுகிறது, வேகப்பந்துக்கு ‘லேட்’ என்கிறது. கொன்ட்ரோலர் பழுதா, டிவி பழையதா, இல்லை எனக்குத்தான் இது வராதா? தீபாவளிக்கு அண்ணன் வருகிறார். போன முறை ஐந்து மேட்சிலும் தோற்றேன்.

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்பின்னுக்கு ஏர்லி, வேகத்துக்கு லேட் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனிக்காமல்தான் பலர் ஹட்டனில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு நல்ல கொன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

டிவி பிந்திக் காட்டுகிறது என்றால் எல்லாப் பந்துக்கும் ஒரே அளவில்தான் பிந்தும். ஸ்பின்னர் முரளிதரன் போட்டாலும் வேகப்பந்து மாலிங்க போட்டாலும் நீங்கள் லேட்டாகத்தான் இருப்பீர்கள். ஒரு பக்கம் ஏர்லி, மறுபக்கம் லேட் என்றால் உங்கள் கை எந்தப் பந்து வந்தாலும் ஒரே தாளத்தில் வீசுகிறது என்று அர்த்தம். பந்துவீச்சாளர் கையை விட்டதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஸ்டிக்கைத் தட்டுகிறீர்கள். அந்த எண்ணிக்கை நடுத்தர வேகத்துக்குச் சரி. மற்ற இரண்டுக்கும் சரிவராது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். பந்துவீச்சாளரின் கோட்டிலிருந்து துடுப்பாட்ட வீரரின் கோடு வரை 58 அடி, அதாவது ஏறக்குறைய 17.7 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்றால் பந்து நொடிக்கு 39 மீட்டர் போகிறது. அரை நொடிக்குள் உங்களிடம் வந்துவிடும். ஸ்பின்னர் 85 கிலோமீட்டரில் போட்டால் முக்கால் நொடி. பிட்சில் பட்டு வேகம் குறைவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். இரண்டுக்கும் நடுவில் கால் நொடிக்கு மேல் வித்தியாசம். கேம் இந்தக் கணக்கை அச்சொட்டாக வைத்திருக்காவிட்டாலும் இந்த வித்தியாசத்தை வைத்திருக்கிறது. கேமில் கால் நொடி என்பது நீண்ட நேரம்.

இந்தத் தாளம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தோட்டத்து மைதானத்திலிருந்துதான். நான் வளர்ந்த தோட்டப் பிரிவில் ஓஃப் சைட்டில் லயத்து (வரிசை வீடுகளின்) தகரம். பந்து பட்டால் அவுட், அந்த வீட்டு அம்மாவின் ஏச்சு இலவசம். லெக் சைட்டில் தேயிலைச் சரிவு. உள்ளே போனால் சிக்ஸர், பந்தை யார் தேடுவது என்பது வேறு பஞ்சாயத்து. போடுகிறவர்கள் ஆறு பேரும் கிட்டத்தட்ட ஒரே வேகம். அப்படிப்பட்ட இடத்தில் பந்து கையை விட்டதும் காலை விலக்கி லெக் சைட்டுக்கு இழுப்பவன்தான் நல்ல பேட்ஸ்மேன். ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து முதன்முதலாக கிரிக்கெட் 07 ஆடியபோது நானும் அதையேதான் செய்தேன். நேராக வந்து துடுப்புக்குக் கிட்ட விழும் ஃபுல் பந்துக்கெல்லாம் போல்ட். கீபோர்ட் பட்டன் வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டை வேறு.

சரி, டிவியை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். புதிய டிவிகளில் படத்தை அழகாக்கும் வேலை பின்னால் நடக்கும். அதற்கு நேரம் பிடிக்கும். நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படம் 17 மில்லிநொடிதான். டிவி ஐந்தாறு படம் பிந்தினாலே வேகப்பந்தில் அடி வாங்குவீர்கள். செட்டிங்ஸில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். புளூடூத் ஹெட்போன் போட்டு ஆடுகிறீர்கள் என்றால் கழற்றி வையுங்கள், சத்தம் பிந்தி வந்தால் கையும் குழம்பும். கொன்ட்ரோலருக்கு ஒரே சோதனைதான்: மெனுவைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் மேசையில் வையுங்கள். தெரிவு தானாக நகர்ந்தால் ஸ்டிக் பழுது. நகராவிட்டால் காசு செலவழிக்காதீர்கள். உங்கள் பக்கத்து மழைக்காலத்தில் சாமானை ஈரத்தில் போடாமல் ஒரு டப்பாவில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா பொட்டலத்தைச் சேர்த்து மூடி வைத்தால் நல்லது. இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றச் சொல்லி உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது துடுப்புக்கு வருவோம். கிரிக்கெட் 19-இல் இரண்டு ஸ்டிக்கையும் வைத்து ஆடும் கொன்ட்ரோல் முறையில் இடது ஸ்டிக் காலுக்கு, வலது ஸ்டிக் அடிக்கும் திசைக்கு. நீங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே முடிவாக அழுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது இரண்டு முடிவு. முதலில் லெந்த், அதாவது பந்து உங்களுக்கு எவ்வளவு கிட்ட விழுகிறது என்று பார்த்துக் கால்: ஃபுல்லாக வந்தால் முன்னால், ஷோர்ட்டாக வந்தால் பின்னால். அதன் பிறகுதான் லைன், அதாவது பந்து ஸ்டம்புக்கு எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்த்துத் திசை. காலைச் சரியாக வைத்துவிட்டால் கைக்குக் கொஞ்சம் மன்னிப்புக் கிடைக்கும். காலைத் தப்பாக வைத்துவிட்டு டைமிங்கைச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. பந்து முடிந்ததும் திரையில் டைமிங்கை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். கால் அசைவைப் பற்றியும் அதே இடத்தில்தான் சொல்கிறது. அடுத்த மேட்சில் முதலில் அதைப் படியுங்கள்.

லெந்த்தைப் பார்க்க, கண் உங்கள் பேட்ஸ்மேன் மேல் இருக்கக் கூடாது. பலரும் தங்கள் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஏதோ அவன் ஓடிவிடுவான் போல. பந்துவீச்சாளரின் கையைப் பாருங்கள். பந்து விழும் இடத்தைக் காட்டும் அடையாளத்தைச் செட்டிங்ஸில் ஓன் செய்யலாம், பழகும் வரை ஓன் செய்தே ஆடுங்கள். அது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் அவரை 20 பந்து ஆடச் சொல்லுங்கள்.

பயிற்சி வலையில் செய்ய வேண்டியது இதுதான். முதல் நாள் 30 பந்து, ஒன்றையும் அடிக்கக் கூடாது. கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, பந்து விழுமுன் ‘ஷோர்ட்’, ‘குட் லெந்த்’, ‘ஃபுல்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் தம்பியோ தங்கையோ இருந்தால் அம்பயராக வைத்துப் புள்ளி போடச் சொல்லுங்கள். 30-இல் 25 சரியாகும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். வீட்டில் சிரிப்பார்கள். நான் என் கடைக்கு வரும் பையன்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை. மீதிப் பேருக்கு ஒரே வாரத்தில் ஓட்டம் வருகிறது.

அடுத்த 30 பந்து, கால் மட்டும் வைத்துத் தடுப்பது. அதற்கடுத்து, பந்துவீச்சாளருக்கு இரண்டு பக்கமும் நேராகப் போகும் டிரைவ் மட்டும். லெக் சைட்டுக்கு இழுப்பது முழுத் தடை. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். 2004 ஜனவரியில் சிட்னியில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 241 எடுத்தார். ஓஃப் சைட்டுக்கு அடிக்கும் கவர் டிரைவில் அடிக்கடி ஆட்டமிழந்துகொண்டிருந்த மனிதர், 436 பந்து ஆடிய அந்த இன்னிங்ஸில் கவர் டிரைவையே ஒதுக்கி வைத்தார். அவர் மிக அழகாக ஆடும் ஷொட்களில் அது ஒன்று. உங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது லெக் சைட் இழுப்பு.

ஸ்பின்னுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், ஏனென்றால் உங்கள் விக்கெட் போவது அங்கேதான். பந்து மெதுவாக வரும்போது மனம் அவசரப்படும். பந்து பிட்சில் பட்டுத் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் வலது ஸ்டிக்கைத் தொடுவது என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பந்து லேட்டாகும். ஆகட்டும். லேட்டிலிருந்து சரியான இடத்துக்கு முன்னால் வருவது சுலபம், ஏர்லியிலிருந்து பின்னால் போவதுதான் கஷ்டம். நம் கண்டியிலிருந்து போன முரளிதரன் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தாரே, அதில் எத்தனையோ பேர் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து காலை நீட்டியவர்கள். ஓஃப் ஸ்பின் என்று நினைத்து ஆடினால், அதே மாதிரிக் கையிலிருந்து வரும் தூஸ்ரா என்ற பந்து மறுபக்கம் போகும். கேமில் ஸ்பின்னரை ஆடும்போதும் பின்காலில் நின்று, கடைசி நேரத்தில் மெல்லத் தட்டி ஒரு ஓட்டம் எடுப்பதுதான் ஆரம்பத்தில் நல்ல வழி.

பத்து ஓவர் என்றால் 60 பந்து. நீங்கள் ஆறு பந்துக்கு ஒரு சிக்ஸர் கணக்கில் ஆடுகிறீர்கள் போல. வேறு கணக்குப் போடுங்கள்: 36 பந்தில் ஒவ்வொரு ஓட்டம், எட்டுப் பந்தில் நான்கு, மீதி 16 பந்தில் ஒன்றுமே இல்லை. 68 ஓட்டம் ஆகிவிட்டது, தூக்கி அடித்த பந்து ஒன்றுகூட இல்லை. அடிக்குமுன் களத்தடுப்பு எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள், இடைவெளியில் தட்டுங்கள். ஒரு பேட்ஸ்மேன் பத்துப் பன்னிரண்டு பந்து நின்றுவிட்டால் பிறகு தூக்கி அடிக்கலாம். பல கிரிக்கெட் கேம்களில் நின்று ஆட ஆட வீரரின் நம்பிக்கை ஏறும், அடிப்பதும் இலகுவாகும். வந்த முதல் பந்தைத் தூக்குவது கேமுக்கே பிடிக்காது.

கஷ்ட நிலையை ஒரு படி இறக்கி ஆடுவதில் வெட்கமில்லை. இன்னொன்று, கிரிக்கெட் 19, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் ஆஷஸ் தொடரை வைத்து வந்த கேம். இலங்கை வீரர்களின் பெயரும் முகமும் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் உருவாக்கிப் பகிரும் அணிகளை இறக்கிக்கொள்ளலாம், டேட்டா இருந்தால். ஆசைக்கு நல்லது. ஆனால் குசல் மெண்டிஸ் என்ற பெயரைப் போட்டதால் உங்கள் கை நேராகிவிடாது.

போனில் ஆடுகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் உருவான வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் போன்ற கேம்களிலும் இதே லெந்த் கதைதான். பேட்டரி சேமிப்பு முறையை ஓஃப் செய்துவிட்டு ஆடுங்கள், அது இருந்தால் படம் தடங்கும். கட்டை விரல் பந்தை மறைக்காத மாதிரிப் போனைப் பிடியுங்கள். நுவரெலியா பக்கம் ஜனவரிக் காலையில் விரல் விறைத்துப்போய் ஆடிவிட்டு கேமைத் திட்டாதீர்கள். ஒரு பிளேன்டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கடைசியாக, உங்கள் அண்ணன். கம்ப்யூட்டர் போடும் பந்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் போடும் பந்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் உங்களைப் பார்த்துக்கொண்டே போடுவார். நீங்கள் எப்போதும் லெக் சைட்டுக்கு இழுப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் ஐந்து மேட்சிலும் வேகத்தைக் குறைத்து நேராகப் போட்டிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். இந்தமுறை முதல் இரண்டு மேட்ச் நேராக மட்டும் ஆடுங்கள். பந்துவீச்சாளருக்கு இரண்டு பக்கமும் நிற்கும் மிட் ஓன், மிட் ஓஃப் ஆட்கள் இருவரையும் அவர் நேருக்குக் கொண்டுவந்து நிறுத்துவார், லெக் சைட் காலியாகும். மூன்றாவது மேட்சில் ஷோர்ட்டாக ஒரு பந்து வரும்போது உங்கள் பழைய இழுப்பை வெளியே எடுக்கலாம், கால் பின்னால் போன பிறகு.