ஊசி போட்ட மறுநாள்

தடுப்பூசி குறித்துக் கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு, கடலூர் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: படிப்பறிவு இல்லாத ஏழை மக்கள்தானே தடுப்பூசிக்குப் பயப்படுகிறார்கள்? அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினால் சிக்கல் தீர்ந்துவிடாதா?
(பள்ளி ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

பதில்: தங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நோயின் வேர் தாங்கள் சுட்டும் இடத்தில் இல்லை என்பது என் அனுபவம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய பகுதிகளில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது. அந்த ஊசியைப் பற்றிய வதந்திகள் பரவியது வாட்ஸ்அப் வழியாக. நான் அப்போது பார்த்தவரையில், 'என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்த பெற்றோரில் பட்டதாரிகள் பலர் இருந்தனர். மறுப்புகள் குவிந்தது ஒரு தனியார் பள்ளியில்தான். தமிழ்நாட்டில் பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க நேர்ந்தது. ஆகவே பயம் என்பது எழுத்தறியாதவர்களின் சொத்து அன்று.

ஏழைகள் வராமற்போவதற்கு வேறு காரணங்கள் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போகும் பெண்களின் விரல்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கறுத்து, உரிந்து கிடக்கும். ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளன்று, அப்படிப்பட்ட விரல்களோடு ஒரு தாய் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாய் சேய் நல அட்டையில் கறை படிந்துவிடக் கூடாதென்று முந்தானை நுனியால் அதைப் பற்றியிருந்தார். அன்று தட்டம்மை ஊசிக்கு வந்திருந்தது அந்த ஒரு குழந்தைதான். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், அதைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, மீதி வீணாகும். 'அடுத்த வாரம் வாம்மா, நாலு பேர் சேரட்டும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே விதி. நான் உள்ளே புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில்தான் செய்தி எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் அவர் வரவில்லை. பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே 'பெற்றோர் தயக்கம்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றவர் அந்தத் தாய். குப்பியைத் திறக்கத் தயங்கியவர்கள் நாங்கள். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியிருந்தால் அதில் முன்வரிசையில் உட்கார வேண்டியவர்களும் நாங்களே.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் காய்ச்சல் வராத ஊசி என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அரசு போடும் ஊசியில் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. இலவசம் என்பதால் தரம் குறைத்துத் தருகிறார்களா?
(இளந்தாய், வில்லியனூர்)

பதில்: இல்லையம்மா. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் அரசு போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி, கொல்லப்பட்ட முழுக் கிருமியால் ஆனது. உடல் அதை எதிர்த்துப் பலமாக வேலை செய்வதால் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் கூடுதலாக வருகின்றன. தனியாரில் விலை கொடுத்து வாங்கும் ஊசியில் கிருமியின் சில கூறுகளை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்திருப்பார்கள்; காய்ச்சல் குறைவு, ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு சற்று விரைவாகத் தேய்கிறது. தங்கள் குழந்தைக்குக் கிடைத்தது எந்த வகையிலும் தாழ்ந்த மருந்தன்று.

எனினும் தங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுதும் விழித்திருந்த தாய், மறுநாள் நடவுக்கோ மீன் கூடை தூக்கவோ போக முடியாது. காசு உள்ள வீட்டில் அந்த ஒரு நாளை விலை கொடுத்துத் தவிர்க்கிறார்கள். இல்லாத வீட்டில் அதைக் கூலியிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். 'இலவச ஊசி' என்று நாம் சொல்வதற்கு இப்படி ஒரு விலை உண்டு. ஊசி போட்டதும் தாயிடம் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று செவிலியர்களுக்குப் பயிற்சியிலேயே கற்பிக்கிறார்கள்: போட்டது எந்த ஊசி; அதனால் என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கூட்ட நெரிசலில் முதலில் விடுபட்டுப்போவது தொந்தரவைப் பற்றிய செய்திதான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது எதிர்பார்த்த காய்ச்சல். சொல்லாமல் விட்டால் அதுவே ஏமாற்றப்பட்ட உணர்வாகிவிடுகிறது. அடுத்த முறை செவிலியர் சொல்ல மறந்தால் தாங்களே கேளுங்கள். கேட்பதற்குத் தங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: என் தாயார் மீன் விற்பவர். சுனாமிக்குப் பிறகு முகாமில் எங்களுக்கெல்லாம் ஊசி போட வைத்தவரே அவர்தான். ஆனால் நடிகர் விவேக் இறந்த பிறகு கொரோனா ஊசியை மட்டும் கடைசிவரை போட மறுத்துவிட்டார். ஒருவரே இப்படி மாறுவது எப்படி?
(வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: 2004 டிசம்பர் 26-க்குப் பிந்தைய அந்த வாரங்கள் எனக்கும் நினைவிருக்கின்றன. முகாம்களின் நெரிசலில் தட்டம்மை பரவக்கூடும் என்பதால் பிள்ளைகளுக்கு ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்தோம். அப்படியும் கடலூரில் சில இடங்களில் தட்டம்மை கண்டது. அதற்காக அன்று எங்கள்மேல் எவரும் சினம் கொள்ளவில்லை. காரணத்தை நான் பலகாலம் யோசித்திருக்கிறேன். ஊசி போட்ட செவிலியர் அன்று இரவும் அங்கேயே இருந்தார். மறுநாள் காலையில் பாய்க்குப் பாய் போய், 'ராத்திரி பிள்ளை தூங்குச்சா?' என்று கேட்டார். தங்கள் தாயார் நம்பியது மருந்தின் சூத்திரத்தை அன்று, அந்தக் குரலைத்தான்.

2021-இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மக்களுக்குத் துணிவு ஊட்டுவதற்காகவே விவேக் அவர்கள் ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் சரிந்தார்; 17-ஆம் நாள் காலமானார். இதய ரத்தக் குழாயில் இருந்த அடைப்பே காரணம், ஊசி அன்று என மருத்துவர்கள் உடனே விளக்கினார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அதே முடிவை அறிவித்தபோது அக்டோபர் மாதமாகிவிட்டது. ஆய்வுக்குக் காலம் தேவை என்பதை நான் அறிவேன். ஆனால் இடைப்பட்ட ஆறு மாதங்களில் மீன் அங்காடியில் தங்கள் தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்ல யார் இருந்தார்கள்? அந்த வெற்றிடத்தில் வதந்தி குடியேறிவிட்டது.

வேறொன்றும் இருந்தது. அந்த மே மாதத்தில் 18 முதல் 44 வயது வரையிலானோர் ஊசி பெற, அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்று வைத்தார்கள். தொடக்கத்தில் அந்தத் தளத்தில் தமிழே இல்லை. நேரில் வந்து பதியலாம் என்ற அனுமதி மே 24-க்குப் பிறகே கிடைத்தது. தனியாரில் ஒரு தவணை கோவிஷீல்டுக்கு 780 ரூபாயும் கோவாக்சினுக்கு 1,410 ரூபாயும் உச்சவரம்பாக ஜூன் மாதத்தில் நிர்ணயிக்கப்பட்டன. கைப்பேசியில் விரல் வேகம் உள்ளவர்களுக்கும் பணம் உள்ளவர்களுக்கும் முதலில் கிடைத்த ஒன்று, பிறகு திடீரெனத் தன் குப்பத்துக்குத் தேடி வரும்போது, 'இப்போது மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?' என்று ஒரு முதிய பெண்மணி கேட்டால், அந்தக் கேள்வியை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: 2021-இல் புதுச்சேரியில் செய்ததுபோலத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன?
(அரசு ஊழியர், புதுச்சேரி)

பதில்: அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் புதுச்சேரி அரசு கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. அதே மாதத்தில் சுகாதாரப் பணியாளர்களைக் கண்டதும் ஒருவர் மரத்தில் ஏறிக்கொண்ட காட்சி கைப்பேசிகளில் சுற்றி வந்தது, பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஒரு மனிதர் தம் ஊருக்கு வந்த மருத்துவ ஊழியரிடமிருந்து தப்ப மரமேற வேண்டும் என்று நினைக்கும்படி நாம் எங்கே தவறினோம் என்றே தோன்றியது.

2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதில் தெளிவானது. எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட இயலாது, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று கூறிய நீதிமன்றம், பொதுநலன் கருதி அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதையும் ஏற்றது. அரசின் தடுப்பூசிக் கொள்கையில் குறையும் காணவில்லை. பக்கவிளைவு அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கடைசிக் கூற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆணையால் எண்ணிக்கை உயரும். ஆனால் ஆணைக்கு அஞ்சிக் கை நீட்டியவர், அடுத்த ஊசி வரும்போது தம் பேரக்குழந்தையை ஒளித்துவைப்பார்.

கேள்வி: அம்மை குத்த ஆரம்பித்த காலத்திலும் நம்மவர்கள் எதிர்த்தார்களா?
(கல்லூரி மாணவர், சிதம்பரம்)

பதில்: எதிர்த்தார்கள், காரணமும் இருந்தது. இந்தியாவில் முதன்முதலாக 1802-இல் பம்பாயில் ஒரு சிறுமிக்குக் குத்தப்பட்ட அந்தப் பெரியம்மைத் தடுப்பு மருந்து, குளிர்ப்பெட்டி இல்லாத அந்நாளில் ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தையின் கைக்கு என்று கை மாறிக் கை மாறியே ஊர் ஊராகச் சென்றது. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அப்படி மருந்து சுமந்தார்கள். கொப்புளத்தைக் கீறி நீர் எடுப்பது அந்தப் பிள்ளைக்கு வலி. பெறுகிற வீட்டிலோ 'எந்தச் சாதிப் பிள்ளையின் சீழ்?' என்ற கேள்வி. சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி, தன்வந்திரியும் அம்மனும் உரையாடுவதுபோல ஒரு நூலை இயற்றி, இது நம் பழைய முறையே என்று மக்களை நம்பவைக்க முயன்றார். நல்ல நோக்கம்தான். இருந்தும், மெய்யான மருந்தைக் கொடுக்கப் பொய்யான சான்று தேடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: கிள்ளைப் பக்கத்தில் இருளர் குடியிருப்பில் வேலை செய்கிறேன். ஊசி போடும் இடம் தொலைவு. அழைத்தாலும் பெண்கள் வருவதில்லை. நான் என்ன செய்யலாம்?
(தன்னார்வலர், பரங்கிப்பேட்டை)

பதில்: தொலைவைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தத் துயரத்துக்குப் பிறகு, மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் ஊசி போட வேண்டும் என்று, கிராமங்களில் நடந்துவந்த முகாம்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டன. பாதுகாப்புக் கருதிச் செய்த முடிவு அது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதன் சுமை பேருந்து வராத ஊர்களின் தலையில் விழுந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06-இல் 80.9 விழுக்காடு, 2015–16-இல் 69.7, 2019–21-இல் 89.2. நடுவில் ஏற்பட்ட சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். பெரும் பங்கு இதற்கு உண்டு என்பது என் கணிப்பு.

இனித் தங்கள் பெண்களைப் பற்றி. அவர்கள் உப்பங்கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள்; பிடித்ததைப் போடும் கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நகர்வார்கள். நீர் வற்றும் நேரமே அவர்களுக்கு வேலை நேரம். அது நாளுக்கு நாள் மாறும். காலை பத்து மணிக்கு முகாம் என்று நாம் அறிவித்த அன்று நீர் வற்றியிருந்தால் வீட்டில் யார் இருப்பார்கள்? செவிலியரிடம் பேசி, அந்தப் புதன்கிழமை நீர் எப்போது ஏறும் என்று பார்த்து நேரத்தை வைக்கச் சொல்லுங்கள். முகாம் நடக்கும் இடத்தையும் கவனியுங்கள். ஊர்த் தெருவில் உள்ள கட்டடம் என்றால், வாசலுக்கு வெளியே குழந்தையோடு நின்று நின்று திரும்பிப்போன காலனிப் பெண்களையும் இருளர் பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். எவரும் அவர்களை விரட்டவில்லை. உள்ளே வா என்று எவரும் சொல்லவுமில்லை.

ஊசி போட்ட மறுநாள் தாங்கள் கட்டாயம் அங்கே போக வேண்டும். காய்ச்சல் மருந்துச் சொட்டு இருக்கிறதா, எடைக்கு ஏற்ற அளவு தெரியுமா என்று கேளுங்கள். ஒரு வீட்டில் குழந்தை ஓயாமல் அழுகிறது என்றால் செவிலியரை அழைத்துக்கொண்டு போங்கள்.

அட்டை தொலைந்துவிட்டது, தவணை தவறிவிட்டது என்று அஞ்சி மறைந்துகொள்ளும் தாய்மார் இருப்பார்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஐந்து நோய்த் தடுப்பூசியின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கலாம். தட்டம்மை ஊசியை 5 வயது வரை போடுவார்கள். அட்டை இல்லாத பிள்ளையாக இருந்தால் இடது மேற்கையைத் தடவிப் பாருங்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு பெரும்பாலும் அங்கே இருக்கும்.