கேட்டது 42, வந்தது 40

கேள்வி: அப்பாவுக்கு ஆன்லைனில் மெரூன் கலர் காட்டன் சட்டை, 42 சைஸ் ஆர்டர் செய்தேன். 'ஒன்றுதான் பாக்கி' என்று காட்டியது. இரண்டு நாள் கழித்து ஸ்டாக் இல்லை என்று அவர்களே ரத்து செய்துவிட்டார்கள். வேறொரு தளத்தில் அதே சட்டையை வாங்கினேன். வந்தது 40, அதுவும் பிரவுன். கேட்டால் 'சிஸ்டம் தப்பு சார், இது ரிட்டர்ன் இல்லாத பொருள்' என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், பெரம்பூர்

பதில்: இவை இரண்டும் வேறு வேறு தவறு. நான்கு சைஸ், ஐந்து நிறம் என்றால் நம் கண்ணுக்கு அது ஒரே சட்டை; விற்பவர் கணக்கில் 20 சரக்கு. ஒவ்வொன்றுக்கும் எஸ்கேயூ என்று தனிக் குறியீடு, தனி எண்ணிக்கை. அந்தக் கடைசிச் சட்டையையே கடையிலும் இரண்டு தளங்களிலும் காட்டிக்கொண்டிருப்பார். ரங்கநாதன் தெருவில் ஒருவர் அதைக் கையோடு வாங்கிப் போனாலும், கணக்கில் கழிக்கும் வரை தளத்தில் 'ஒன்று பாக்கி' நிற்கும். அந்த இடைவெளியில் நீங்கள் பணம் கட்டியிருக்கலாம். அதனால் அந்த வரியைப் பார்த்ததும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ரத்தாகிற ஆபத்து அதிகம் உள்ள ஆர்டரே அதுதான். பணம் திரும்பி வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, பிரவுன் சட்டைக்கு வருவோம். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில், கவரில் ஒட்டிய ஸ்டிக்கர், காலருக்குள் தைத்த லேபிள் மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பில்லில் 42 மெரூன், ஸ்டிக்கரில் 40 பிரவுன் என்றால் குடோனில் மாற்றி எடுத்திருக்கிறார்கள். பில்லிலும் ஸ்டிக்கரிலும் 42, காலரில் மட்டும் 40 என்றால் ஸ்டிக்கர் ஒட்டியபோது நடந்த கோளாறு. பில்லிலேயே 40 என்று இருந்தால்தான் சிக்கல். 42-ஐ அழுத்தினால் 40-இன் குறியீட்டுக்குப் போகும்படி அவர்கள் தப்பாக இணைத்திருக்கலாம். நம் விரலே பக்கத்துக் கட்டத்தில் பட்டிருக்கவும் கூடும். ஆர்டர் உறுதியானபோது வந்த மெயிலைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் தெரிகிற மாதிரி ஒரே போட்டோ எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.

'சிஸ்டம் தப்பு' என்பதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. சிஸ்டத்தில் எண்ணை ஏற்றியது அவர்கள்தானே? 'ரிட்டர்ன் இல்லை' என்பது, பிடிக்கவில்லை என்று நீங்கள் திருப்பும்போது செல்லலாம். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போவதென்றால், விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு தளங்களிலும் விற்கிறோம். ரிட்டர்னில் பாதி சைஸ் தகராறு. பையன்தான் எக்செல்லில் கணக்குப் பார்க்கிறான். மென்பொருள் வாங்கியே ஆக வேண்டுமா?
- வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதலில் அந்த எக்செல்லில் சைஸ் எழுதும் நெடுவரிசையைப் பாருங்கள். 10-12 வயது என்பதற்காக 10-12 என்று அடித்தால், எக்செல் அதைத் தேதி என்று நினைத்து 10-டிசம்பர் ஆக்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் பாவாடை சட்டையின் சைஸ் இப்படியே தளத்தில் ஏறி, ஒரு வாரம் யார் கண்ணிலும் படவில்லை. 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடுக்கும் இதே கதிதான்: எக்செல் அதை 8.9E+12 என்கிற மாதிரி சுருக்கிக் காட்டும்; அப்படியே சேமித்து ஏற்றினால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகி, பத்து உருப்படிக்கு ஒரே எண் வந்து நிற்கும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றச் சொல்லுங்கள். தேதியான பிறகு மாற்றினால் சம்பந்தமில்லாத ஐந்து இலக்க எண் வரும். திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

அப்புறம், ஒரே நிறத்தை ஒரு நாள் ரோஸ், ஒரு நாள் பிங்க், இன்னொரு நாள் வெங்காயக் கலர் என்று எழுதினால் மூன்று சரக்காகிவிடும். பழைய குறியீட்டைப் புது லாட்டுக்குக் கொடுக்காதீர்கள். துணி மாறியிருந்தால் பழைய படத்தைப் பார்த்து வாங்கியவர் உங்களோடுதான் சண்டைக்கு வருவார். வயதை மட்டும் போடாமல் மார்பு அளவையும் உயரத்தையும் இஞ்சில் போடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே அளவிலா இருக்கிறார்கள்? சைஸ் தகராறு பெரும்பாலும் இதிலேயே அடங்கும்.

கையில் மூன்று இருந்தால் இரண்டு தளத்துக்கும் ஒவ்வொன்று ஒதுக்கி, ஒன்றைக் கடையில் வையுங்கள். ரிட்டர்ன் வந்ததைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஸ்டாக்கில் சேர்க்க வேண்டும். ராத்திரி கடை சாத்திய பிறகு பையன் உட்கார்ந்து கணக்கு முடிக்க முடியாத அளவுக்கு ஆர்டர் வந்தால் மென்பொருள் வாங்குங்கள். அப்போதும் இந்த எக்செல்லைத்தான் அதில் ஏற்றப்போகிறீர்கள்.