கல் எங்கே கிடைத்தது?

அன்புள்ள சார்,

பல்கலைக்கழகங்களில் பிஹெச்டி எப்படி நடக்கிறது என்று சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மெட்டீரியல் சயின்ஸில் மூன்றாம் ஆண்டு ஸ்காலர். போன வாரம் கைடு ஒரு எக்ஸெல் ஃபைலைக் கொடுத்து, "இதை வைத்து ஒரு பேப்பர் எழுது, முதல் பெயர் உன்னுடையது" என்றார். எனக்கு முன்னால் இங்கே இருந்த ஒரு சீனியர் எடுத்த டேட்டாவாம். அதில் இரண்டு வேறு சாம்பிள்களின் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பொருளின் உள்கட்டமைப்பைப் பார்க்கும் சோதனை) படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் ஓடும் இரைச்சல், அதாவது கோட்டில் தெரியும் குட்டிக் குட்டி நடுக்கம்கூட, அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கிறது. மெஷினிலிருந்து வந்த ரா ஃபைல் கேட்டதற்கு, பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது என்கிறார். சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) கொடுக்கும் முன் பேப்பர் வெளியிட்டிருக்க வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் இன்னும் கேட்கிறார்கள். இப்படிச் செய்கிறவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், கேள்வி கேட்கிறவன்தான் மாட்டுவான் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது? பெயரும் ஊரும் வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் 'உண்மை என்றைக்கும் வெல்லும், துணிந்து செல் தம்பி' என்று எழுதிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடலாம், நாளைக்கு கைடு முன்னால் போய் நிற்கப்போவது நீங்கள்.

சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் விஸ்வஜித் குப்தா என்றொரு புவியியல் பேராசிரியர் இருந்தார். தொல்லுயிர் எச்சங்கள், அதாவது ஃபாசில்கள், அவருடைய துறை. 1960களில் தொடங்கி ஏறக்குறைய 25 வருடம் இமயமலையில் இந்த ஃபாசில் கிடைத்தது, அந்த ஃபாசில் கிடைத்தது என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். நூற்றுக்கணக்கில். கூட எழுதியவர்களும் உலகம் முழுக்க ஏராளம். 1987-இல் கனடாவின் கால்கரியில் ஒரு கருத்தரங்கு. ஆஸ்திரேலியாவில் மக்குவாரி பல்கலைக்கழகத்தின் ஜான் டேலண்ட், குப்தா பார்வையாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருக்கும்போதே, இந்தக் கண்டுபிடிப்புகளை வரிசையாக எடுத்து வைத்துக் கேள்வி கேட்டார். இமயமலையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட அம்மோனாய்டுகள், நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்குமே அவைதான், மொராக்கோவின் எர்ஃபூத் பகுதியிலிருந்து வந்து உலகமெங்கும் ஃபாசில் கடைகளில் விற்கிற சரக்கோடு வேறுபாடே இல்லாமல் இருந்தன. கோனோடோண்ட் என்று சொல்லப்படும், கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சின்னப் பல் போன்ற எச்சங்கள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஸ்டெல் க்ரீக் என்ற ஓடைப் பகுதியில் கிடைப்பவற்றோடு அப்படியே பொருந்தின. 1989 ஏப்ரலில் டேலண்ட் இதை 'நேச்சர்' இதழில் எழுதியபோது ஊர் ஊராக அலைகிற ஃபாசில்கள் என்கிற பொருளில் தலைப்பு வைத்தார். கிண்டல்தான். ஆனால் சரியான கிண்டல்.

இதில் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது குப்தாவை அல்ல, கூட எழுதியவர்களை. குப்தா ஒரு கல்லைக் கொண்டுபோய் ஒரு வெளிநாட்டு நிபுணரிடம் கொடுப்பார். இந்த இனம் எது, எந்தக் காலத்தது என்று அந்த நிபுணர் உட்கார்ந்து நேர்மையாகவே ஆராய்ந்து சொல்வார். படம் எடுப்பார், அளவு குறிப்பார், விவரித்து எழுதுவார். அதிலெல்லாம் ஒரு பொய்யும் கிடையாது. பொய் இருந்தது ஒரே ஒரு இடத்தில், கல் எங்கே கிடைத்தது என்ற வரியில். அந்த வரியை நிபுணர் எழுதவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவும் தெளிவாக இருக்காது, எந்த மலைச்சரிவு, எந்த ஓடை, எந்தப் பாறை அடுக்கு என்று இன்னொருவர் போய்த் தேட முடியாதபடி மேலோட்டமாக இருக்கும். ஃபாசில் துறையில் கல்லைவிட அது கிடைத்த இடம் முக்கியம், ஏனென்றால் அதை வைத்துத்தான் அந்தப் பாறையின் வயதைச் சொல்கிறார்கள், அந்த வயதை வைத்துத்தான் அடுத்தவர் வரைபடம் போடுகிறார். இப்படியாக ஒரு நல்ல மனிதரின் உண்மையான உழைப்பே மோசடிக்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் எக்ஸெல் ஃபைலைப் பாருங்கள். நீங்கள் பீக், அதாவது படத்தில் மேலெழும் முகடுகள், எல்லாம் சரியாகக் குறிப்பீர்கள், படிகத் துணுக்கின் அளவான கிரிஸ்டலைட் சைஸைச் சரியாகக் கணக்கிடுவீர்கள், முன்னுரைக்கு அறுபது பேப்பர் படிப்பீர்கள், டிஸ்கஷன் பகுதியை ராத்திரி கண் விழித்து எழுதுவீர்கள். எல்லாம் சொந்த உழைப்பு. சாம்பிள் எங்கே என்ற ஒரு கேள்விக்குத்தான் உங்களிடம் பதில் இருக்காது.

இரைச்சல் விஷயத்தில் உங்கள் கண் சரியான இடத்தில் நின்றிருக்கிறது. எக்ஸ்ஆர்டி டிடெக்டர் எண்ணுவது வந்து விழும் எக்ஸ்-கதிர் ஃபோட்டான்களை. மழைத்துளி ஓட்டின் மேல் விழுவது மாதிரி, ஒவ்வொரு முறையும் முன்பின்னாகத்தான் விழும். ஒரே சாம்பிளை எடுக்காமல் மெஷினிலேயே வைத்து மறுபடி ஸ்கேன் செய்தால் பீக்குகள் அதே இடத்தில் வரும், ஆனால் அடியில் இருக்கும் அந்த நடுக்கம் புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போகாது. இரண்டு வேறு சாம்பிளுக்கு ஒத்துப்போகிறது என்றால் ஒன்று மற்றொன்றின் நகல், அவ்வளவுதான். ஆனால் நகல் என்பதாலேயே மோசடி என்று ஆகிவிடாது. எக்ஸெலில் ஒரு நெடுவரிசையைத் தவறி இரண்டு முறை பேஸ்ட் செய்திருக்கலாம். சீனியர் அவசரத்தில் ஃபைல் பெயரை மாற்றிப் போட்டிருக்கலாம். அதனால்தான் முதல் நாளே 'ஃப்ராடு' என்ற சொல்லை வாயிலிருந்து விடாதீர்கள் என்கிறேன்.

இதே இரைச்சலால் மாட்டிய பெரிய ஆள் ஒருவர் உண்டு, யான் ஹென்ட்ரிக் ஷோன். அமெரிக்காவில் பெல் லேப்ஸ் என்ற ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜெர்மன் இயற்பியலாளர். 2001 வாக்கில் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு பேப்பரில் அவர் பெயர் இருந்தது, நோபல் வரைக்கும் பேச்சு. 2002-இல் லிடியா சோன், பால் மெக்யூன் என்ற இரு பேராசிரியர்கள், வேறு வேறு சோதனைகளின் படங்களில் ஒரே இரைச்சல் இருப்பதைக் கவனித்தார்கள். முதலில் ஷோன் சொன்ன பதில், தவறுதலாக ஒரே படத்தை இரண்டு இடத்துக்கு அனுப்பிவிட்டேன் என்பது. நடக்கக்கூடியதுதானே? அப்புறம் மூன்றாவது பேப்பரிலும் அதே இரைச்சல் வந்து நின்றது. ஸ்டான்ஃபோர்டின் மால்கம் பீஸ்லி தலைமையில் குழு போட்டார்கள். 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியாயின. லேப் நோட்டு எங்கே? ஒழுங்காக வைக்கவில்லை. ரா டேட்டா எங்கே? கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, அழித்துவிட்டேன். உங்கள் கைடு சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது, சிரிப்பும் வந்தது, மன்னிக்கவும். கூட எழுதியவர்களை அந்தக் குழு மோசடியிலிருந்து விடுவித்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய முடிவுகளில் மூத்தவர்கள் கையெழுத்துப் போடும் முன் போதுமான அளவு கேள்வி கேட்டார்களா என்று எழுப்பிய கேள்வி அறிக்கையில் அப்படியே இருக்கிறது. ஷோனுக்குப் பட்டம் கொடுத்த கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் 2004-இல் முனைவர் பட்டத்தையே பறித்தது.

குப்தாவுக்கு என்ன ஆயிற்று? உங்கள் நண்பர்கள் வெல்கிற இடம் இதுதான். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்தார், குற்றம் உறுதி என்று சொன்னார். அதன் பிறகும் வேலை போகவில்லை. 2002-இல் வயதாகி, முறைப்படி ஓய்வு பெற்றார். அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருந்த அதே துறையின் அருண் தீப் அலுவாலியா வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். அதே கட்டடத்தில், அதே துறையில் இருந்துகொண்டு அப்படிப் பேசுவது என்ன பாடு என்று நம் ஊர் டிபார்ட்மென்ட் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடரிக் ஸ்டாப்பெல் என்ற சமூக உளவியல் பேராசிரியர், டீன் வேறு. பள்ளிகளில் எனக்கு ஆள் இருக்கிறது, டேட்டாவை நானே எடுத்து வருகிறேன் என்பார். மாணவர்கள் கேள்வித்தாள்களை அச்சடித்து, பிள்ளைகளுக்குக் கொடுக்க மிட்டாய்கூட வாங்கிக் கட்டிக்கொடுப்பார்கள், இவர் காரில் ஏற்றிக்கொண்டு போவார், வழியில் குப்பையில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எண்களை இட்டுக்கட்டி எழுதுவார். ஒரு சோதனைக்கு, கோப்பையில் மிட்டாய் நிறைத்து வைத்தால் ஒருவர் எத்தனை சாப்பிடுவார் என்ற எண் வேண்டும். அதற்குத் தானே கோப்பையோடு உட்கார்ந்து தின்று பார்த்து ஒரு எண்ணை முடிவு செய்தாராம். அந்த அளவுக்குச் சிரமப்படுகிறவர் நிஜமாகவே நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கலாம்! 2011 ஆகஸ்டில் மூன்று இளம் ஆய்வாளர்கள், தாங்களே சேகரித்த ஆதாரங்களோடு துறைத்தலைவரிடம் போனார்கள். செப்டம்பரில் ஸ்டாப்பெல் இடைநீக்கம். அக்டோபர் கடைசியில் இடைக்கால அறிக்கை. 2012 நவம்பரில் இறுதி அறிக்கை, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டார்கள். சொன்ன மூன்று பேர் யார் என்று அறிக்கையில் இல்லை. அவருடைய பொய் டேட்டாவை நம்பித் தீசிஸ் எழுதிய மாணவர்கள் பட்டத்தை இழக்கவுமில்லை. இந்தப் புள்ளியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்த மாணவர்களுக்குத் தெரியாது என்று அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

நம் ஊரில் இதற்கு என்ன வழி இருக்கிறது என்று பார்த்தால், யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. அவை காப்பியடிப்பதைத் தடுப்பதற்கானவை. மற்றவர் எழுதியதோடு 10% வரை ஒத்துப்போனால் பரவாயில்லை, 10 முதல் 40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 40 முதல் 60 என்றால் ஒரு வருடம் கொடுக்கவே கூடாது, 60-க்கு மேல் போனால் தீசிஸ் பதிவே ரத்து. இதற்காக எல்லோரும் டர்னிட்டின் என்ற காப்பி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரின் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் அலைகிறோம், 'இட் இஸ் கன்க்ளூடட் தட்' என்பதை எத்தனை விதமாக மாற்றி எழுதலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஆனால் டேட்டாவை முழுக்கக் கற்பனையில் செய்து சொந்த வாக்கியத்தில் எழுதினால் அந்த சாஃப்ட்வேர் 4% காட்டி வாழ்த்து சொல்லி அனுப்பும். மொராக்கோ அம்மோனாய்டு கட்டுரைகளை இன்றைக்கு அதில் போட்டாலும் சுத்தமாகத்தான் வெளியே வரும். இந்த முறையின் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இது. சதவீதம் குறைந்தால் நேர்மை என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். நேரில் போய் வாதாட வேண்டாம். கைடுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள், பணிவாக, இரண்டு பத்தி போதும்: 'சார், இந்த இரண்டு சாம்பிளின் டேட்டாவும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருக்கிறது, நெடுவரிசை மாறிப் பேஸ்ட் ஆகியிருக்கலாம் என்று நினைக்கிறேன், பேப்பர் எழுதும் முன் மறுபடி ஒரு ரன் எடுத்துப் பார்த்துவிடட்டுமா?' இதில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. அவர் நேர்மையானவராக இருந்தால் நன்றி சொல்வார், இல்லையென்றாலும் நீங்கள் கேட்டது தேதியோடு பதிவாகிவிடும். எக்ஸ்ஆர்டி மெஷின் இருக்கும் இடத்தில் யார் எந்தத் தேதியில் எந்த சாம்பிள் கொடுத்தார் என்று பெரும்பாலும் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், ஆபரேட்டரிடம் பேக்கப்பும் இருக்கலாம். கைடின் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனாலும் மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் சாக வேண்டும் என்றில்லை. வெளி லேபில் கொடுத்து எடுத்திருந்தால் பில் இருக்கும். அந்த சீனியர் எங்கேயோ வேலையில்தான் இருப்பார், அவருக்கும் ஒரு போன் போடுங்கள். மாட்டவைக்க இல்லை, ஃபைல் இருக்கிறதா என்று கேட்க.

சாம்பிளைத் திரும்பச் செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். மூன்று மாதம் போகும், போகட்டும். உங்கள் கையால் செய்த சாம்பிளில் பீக் வேறு இடத்தில் வந்தால் அதுவே உங்களுக்கு ஒரு பேப்பர்.

அவர் மறுத்து, இதையேதான் அனுப்ப வேண்டும் என்றால், உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். கடினம்தான், தெரியும். முதல் பெயர் உங்களுடையது என்று அவர் கொடுப்பதைச் சலுகை என்று எண்ண வேண்டாம். நாளைக்குக் கேள்வி வந்தால் ஜர்னல் முதலில் மெயில் அனுப்புவது ஜர்னலோடு தொடர்பில் இருக்கும் கரெஸ்பாண்டிங் ஆத்தருக்கு, அவர் கை காட்டுவது உங்களை. செமஸ்டருக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நீங்கள் பிரசன்ட் செய்ய வேண்டும் அல்லவா, அங்கே நீங்கள் எடுத்த டேட்டாவை மட்டும் காட்டுங்கள், மினிட்ஸில் அது ஏறட்டும். அந்தக் குழுவில் ஒருவராவது நிதானமான ஆளாக இருப்பார், அவரிடம் தனியாகப் பேசுங்கள். தனியாகவே எல்லாவற்றையும் சுமக்காதீர்கள். டில்பர்க்கில் போனவர்கள் மூன்று பேர், அதுவும் ஆதாரங்களைச் சேர்த்து முடித்த பிறகு போனார்கள்.

பேப்பர் கட்டாயம் என்பதையும் ஒரு முறை உங்கள் பல்கலைக்கழக விதியை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகளில் தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனை இல்லை. பல்கலைக்கழகங்கள் தாங்களாகக் கேட்டுக்கொள்கின்றன. நீங்கள் சேர்ந்த வருடத்துக்கு எந்த விதி பொருந்தும், கான்ஃபரன்ஸ் பேப்பர் போதுமா என்பதை ஆபீஸில் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மெஷின் ரெஜிஸ்டரில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். அதை இங்கே வெளியிட மாட்டேன்.