வாசகர் கேள்வி பதில்: துருக்கிக் கரையில் கல்லும் கடலும்

துருக்கிப் பயணம் பற்றி வந்த கடிதங்களில் பாதி வட சென்னையிலிருந்துதான். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். மகன் துபாயிலிருந்து வந்து சேர்ந்துகொள்வான். மனைவிக்கு பைபிளில் வரும் எபேசு பட்டணத்தைப் பார்த்தே ஆக வேண்டும், மகனுக்குக் கடலில் விழுந்து கிடக்க வேண்டும். கையில் 10 நாள். டிராவல்ஸ்காரர் இஸ்தான்புல், கப்படோசியா, ட்ராய், பாமுக்கலே எல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் தருகிறார். சரியா?
*வாசகர், தண்டையார்பேட்டை*

சரியில்லை சார். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு போனால் பஸ் ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். இஸ்தான்புல்லில் விமானம் மாறி நேராக இஸ்மிர் போய்விடுங்கள், திரும்பும்போது அன்டால்யாவில் ஏறுங்கள். நடுவில் செல்சுக், ஃபெத்தியே, காஷ், அன்டால்யா, இந்த நாலு ஊர் போதும். ட்ராய் வடக்கே தனியாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஒன்பது அடுக்கு ஊர் ஒன்றின் மேல் ஒன்றாகப் புதைந்த இடம் என்பதால் தொல்லியல் படித்தவருக்குப் பொக்கிஷம், மற்றவர்கள் பெரும்பாலும் மரக்குதிரைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

எபேசுக்கு செல்சுக்கில் தங்குங்கள். குஷதாசியில் தங்கினால் கடல் உண்டு, ஆனால் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் அது, கூட்டம் அப்படியே எபேசுக்குத்தான் வந்து இறங்கும். காலையில் கதவு திறக்கும்போதே மேல் வாசல் வழியாக உள்ளே போங்கள், வழி முழுக்க இறக்கம், முழங்காலுக்கு நல்லது. பளிங்குக் கல் பாவிய தெரு, 2,000 வருடப் பழசு, ஆள் நடந்து நடந்து வழவழவென்று இருக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். வழியில் வரும் செல்சஸ் நூலகத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த முகப்பு 1970-களில் ஆஸ்திரிய தொல்லியலாளர்கள் விழுந்து கிடந்த கல்லைப் பொறுக்கித் திரும்ப அடுக்கியது.

அம்மாவுக்கு முக்கியமானது பெரிய அரங்கம். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் வெள்ளித் தட்டான் தெமேத்திரியு, பவுலின் பிரசங்கத்தால் தியானாள் கோயில் பொம்மை வியாபாரம் படுத்துவிடும் என்று ஆள் திரட்டினானே, அந்தக் கூட்டம் ரெண்டு மணி நேரம் கத்தியது இங்கேதான். சுமார் 25,000 பேர் உட்காரலாம். மேல் படிக்கட்டில் ஏறி நின்று பாருங்கள்: கீழேயிருந்து அகலமான தெரு ஒன்று நேராகத் துறைமுகத்துக்குப் போகும். போனால் துறைமுகம் இருக்காது, நாணலும் சேறும்தான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தை மூடி, கடல் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கப்பல் வராத ஊரில் வியாபாரிக்கு என்ன வேலை? ஊர் அழிந்ததற்குப் படையெடுப்பு, பூகம்பம் என்று கைடு அடுக்குவார், அதெல்லாம் நடந்ததுதான், ஆனால் பெரிய எதிரி மண். நம்ம பக்கம் கதை நேர் எதிர். தெற்கேயிருந்து வரும் மணலைச் சென்னைத் துறைமுகச் சுவர் தடுக்க, மெரினா அகலமாகிக்கொண்டே போனது, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்று கல் கொட்டி வைத்திருக்கிறோம். அந்தக் கல் மேல் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு எபேசு சட்டென்று புரியும்.

மரியன்னை வாழ்ந்ததாக நம்பப்படும் வீடு பக்கத்து மலை மேல் இருக்கிறது, டாக்சியில்தான் போக வேண்டும். 1967, 1979, 2006 என மூன்று முறை போப்பாண்டவர்கள் வந்துபோன இடம். முஸ்லிம்களும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

மகனுக்கு ஃபெத்தியே பக்கம் ஓலுதெனிஸ் கடற்கரை. சுமார் 1,900 மீட்டர் உயர பாபாதாக் மலையிலிருந்து பாராகிளைடிங் உண்டு, விடமாட்டான், இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டுவிடுங்கள்.

விசாவை மறக்காதீர்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு இ-விசா வேண்டுமென்றால் அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன், அயர்லாந்து இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் விசாதான். விதி மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

பழங்கால உலக அதிசயம் ஏழில் ரெண்டு துருக்கியில் என்கிறார்களே, பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
*கல்லூரி மாணவி, வியாசர்பாடி*

பார்க்க என்றால், கொஞ்சம்தான். செல்சுக்கில் ஆர்ட்டெமிஸ் (பைபிளில் தியானாள்) கோயில் இருந்த சதுப்பில், உடைந்த துண்டுகளை ஒட்டி நிறுத்திய ஒரே ஒரு தூண், அதன் உச்சியில் நாரைக் கூடு. போட்ரும் ஊரில் மௌசோலஸ் மன்னனின் கல்லறை இருந்த இடத்தில் அஸ்திவாரப் பள்ளமும் சிதறிய கல்லும். கட்டடம் எங்கே என்றால், சிலுவைப்போர் வீரர்கள் அந்தக் கல்லை எடுத்துத்தான் துறைமுகத்தில் கோட்டை கட்டினார்கள், நல்ல சிற்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். இவற்றுக்காக மட்டும் போகாதீர்கள் தங்கச்சி. முழுசாக நிற்கும் கட்டடம் வேண்டுமென்றால் அன்டால்யா பக்கம் ஆஸ்பெண்டோஸ் அரங்கத்துக்குப் போங்கள், 2-ஆம் நூற்றாண்டில் கட்டியது, இன்றைக்கும் அதில் ஆப்பரா விழா நடக்கிறது.

போட் இன்ஜின் மெக்கானிக் நான். பழைய கல், தூண் எல்லாம் பிடிக்காது. எனக்கு அங்கே என்ன இருக்கு?
*வாசகர், காசிமேடு*

அண்ணே, உங்களுக்குத்தான் இருக்கு. மேலே சொன்ன போட்ரும் கோட்டைக்குள்ளேயே கடலடித் தொல்லியல் மியூசியம். 1982-ல் காஷ் ஊர்ப் பக்கம் கடற்பஞ்சு எடுக்க முங்கிய ஒருவர், காது வைத்த பிஸ்கட் மாதிரி உலோகம் கிடக்கிறது என்று வந்து சொன்னார். அது செப்புப் பாளம். சுமார் 3,300 வருடத்துக்கு முன்னால் மூழ்கிய சரக்குக் கப்பல், உலுபுருன் என்று பெயர். நாலு மூலையும் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும் அந்தப் பாளம், தூக்கிப் பிடிக்க வசதி. செம்பு மட்டும் பத்து டன், அதோடு ஒரு டன் வெள்ளீயம். ரெண்டையும் பத்துக்கு ஒன்று கலந்தால் வெண்கலம், அளவு பார்த்து ஏற்றியிருக்கிறான். நீலக் கண்ணாடிக் கட்டி, தந்தம், எகிப்து ராணி நெஃபெர்டிட்டி பெயர் பொறித்த தங்க முத்திரை என்று சாமான் ஏராளம், அந்த மியூசியத்தில் பார்க்கலாம். 1984 முதல் 1994 வரை 22,000 முறைக்கு மேல் முங்கி எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கீழே இருபது நிமிஷம் போலத்தான் நிற்க முடியும், அவ்வளவு ஆழம்.

எந்த மாதம் போகலாம்? சைவம் கிடைக்குமா?
*வாசகி, பெரம்பூர்*

ஏப்ரல் கடைசி, மே, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட்டில் எபேசில் நிழலே கிடையாது, நம்ம கத்திரி வெயில்தான். செப்டம்பரில் கடல் நன்றாகச் சூடேறி இருக்கும். அலை நம்ம ஊர் அளவு இல்லை, ஆனால் கரை பல இடத்தில் கூழாங்கல், தண்ணீருக்குள் போட ஒரு ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். மணல் வேண்டுமென்றால் பட்டாரா, கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், மணல்மேட்டுக்குப் பின்னாலேயே பழைய நகரம். ஆமை முட்டையிடும் காலத்தில் ராத்திரி யாரையும் விடமாட்டார்கள். ஊர்களுக்கு நடுவே டோல்முஷ் என்ற மினிவேன் ஓடும், நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி கை காட்டினால் நிற்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள்: ஆலிவ் எண்ணெயில் செய்து ஆறவைத்துத் தரும் காய்கறி வகை, சீஸ் வைத்த கொஸ்லெமே ரொட்டி, பருப்பு சூப். சூப்பில் எலும்புச் சாறு சேர்ப்பதும் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். "எத்சிஸ்" என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் கோழியைப் பலர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் "தவுக்" வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அம்மா சேலையோடு பீச்சில் இறங்கினால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?
*வாசகர், திருவொற்றியூர்*

பார்க்க மாட்டார்கள். முழு உடையோடு இறங்கும் துருக்கிக்காரப் பாட்டிகள் அங்கே நிறைய. நனைந்த சேலை காலைச் சுற்றும், சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.