பல்கலைக்கழகச் சுவரொன்றில் எல்லா இன மாணவர் அமைப்புகளையும் சேர்த்து ஓவியம் வரைவது எப்படி?

ஐந்து அமைப்புகள் இருக்கின்றன, 35 அடிச் சுவர் கிடைத்திருக்கிறது, ஆளுக்கு 7 அடியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சண்டை வராதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சண்டை வராதுதான். ஆனால் முடிவில் உங்களிடம் ஐந்து சின்னச் சுவர்கள் இருக்கும், ஒரு சுவர் இருக்காது. தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

நான் மட்டக்களப்புக்காரி. படித்தது மலைநாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். 2019 இல் அங்கே 42 அடி நீளமும் 9 அடி உயரமும் கொண்ட ஒரு மதிலில் ஆறு அமைப்புகள் சேர்ந்து வரைந்தோம். தமிழ்ச் சங்கம், முஸ்லிம் மஜ்லிஸ், பௌத்த சங்கம், இந்து மாணவர் சங்கம், கத்தோலிக்க மாணவர் சங்கம், இவற்றோடு தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து வந்த மலையகத் தமிழ் மாணவர்களின் சிறிய வட்டம் ஒன்று. நாங்களும் முதலில் உங்களைப் போலத்தான் யோசித்தோம். ஒவ்வோர் அமைப்பும் ஒரு படம் வரைந்துகொண்டு வரச் சொன்னோம். கோபுரம் வந்தது, தூபி வந்தது, பிறையோடு பள்ளிவாசல் வந்தது, மடுத் தேவாலயம் வந்தது, கூடையோடு சிரிக்கிற கொழுந்து பறிக்கும் பெண் வந்தாள். எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிப் பார்த்தால் அச்சு அசலாக அரசாங்கக் கலண்டர்.

அந்த ஐந்தாவது படத்தைப் பார்த்துவிட்டு ஹட்டனில் இருந்து வந்த பையன் ஒருவன் சொன்னதுதான் எங்கள் வேலையின் உண்மையான தொடக்கம். அதை வரைந்தது அவனுடைய வட்டத்திலேயே ஒருவர். “எங்கம்மா கூடையத் தூக்கிக்கிட்டு சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. இது சுற்றுலாக்காரனுக்குக் காட்டுற படம். எங்கம்மா படம் இல்ல.” அன்று அவன் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றியும் சொன்னான். அந்தச் சட்டம் தன் தாத்தாவை ஒரே நாளில் நாடற்றவராக்கிய கதையைச் சொல்லி முடித்தபோது அறையில் பாதிப்பேர் அதை முதல்தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கள மாணவர்கள் மட்டுமல்ல, வடக்குக் கிழக்குத் தமிழர்களான எங்களில் சிலரும்தான். எனக்கு அது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் உங்கள் முதல் கூட்டத்தில் “உங்களுக்கு என்ன வரைய விருப்பம்?” என்று கேட்காதீர்கள். “எது அந்தச் சுவரில் இருந்தால் உங்களால் அதைக் கடந்து போக முடியாது?” என்று கேளுங்கள். விருப்பத்தைக் கேட்டால் ஆளுக்கொரு சின்னம்தான் வரும். எது வலிக்கும் என்று கேட்டால்தான் ஆக்கள் மனம்விட்டுக் கதைப்பார்கள். மஜ்லிஸில் சிலர் மனித உருவமோ மிருக உருவமோ இருந்தால் தூரிகை பிடிக்க மாட்டோம் என்றார்கள். பிக்கு மாணவர்கள், ஆக்கள் முதுகு சாய்க்கிற, போஸ்டர் ஒட்டுகிற மதிலில் புத்தர் உருவம் வேண்டாம் என்றார்கள். இந்து மாணவர்களும் தெய்வ உருவங்களுக்கு அதையேதான் சொன்னார்கள். வாளேந்திய சிங்கம் வேண்டாம் என்றது ஒரு பக்கம். பிரிவினை வாசம் அடிக்கிற எதுவும் வேண்டாம் என்றது இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் கழித்தபின் இரண்டு வாரங்களாக எங்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

மிஞ்சியது நாங்கள் உட்கார்ந்திருந்த பாய். கதிரை போதாததால் விடுதியிலிருந்து நான் கொண்டுவந்து விரித்த பன்பாய் அது. வாவியோரத்துப் பன் புல்லில் இழைத்தது, அம்மம்மா தந்து அனுப்பியது. மருதமுனையிலிருந்து வந்த முஸ்லிம் தோழி ஒருத்தி பேச்சைக் கவனிக்காமல் அதன் ஓரத்தைத் திருப்பித் திருப்பி இழை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் கைத்தறி ஓடுகிறது, கண் அங்கேதான் போகும். அதைப் பார்த்த குண்டசாலைச் சிங்களப் பையன் ஒருவன் தன் ஊருக்குப் பக்கத்து ஹேனாவல கிராமத்தில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள் என்றான். (அந்தக் கைவினை 2021 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அப்போது அவன் எல்லோருக்கும் செய்தி அனுப்பிக் கொண்டாடினான்.) யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பனையோலைக் கடகத்தைச் சொன்னார்கள். ஹட்டன் பையன், அம்மாவின் முகம் வேண்டாம், கூடையின் பின்னலும் நெற்றியில் இழுபடுகிற அந்தக் கயிறும் மட்டும் போதும் என்றான். ஓர் உருவமும் இல்லாமல், எவருடைய கடவுளும் இல்லாமல், எல்லோருடைய வீடும் சுவருக்கு வந்துவிட்டது.

இதை நீங்கள் அப்படியே எடுத்து வரைய வேண்டும் என்பதில்லை. உங்கள் வளாகத்தில் வேறொன்று கிடைக்கும். அது கிடைக்கும்வரை சுவரைத் தொடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். எங்களுக்கு அதற்கு நாலு மாதம் போனது, பெயின்ற் அடித்த நாட்களைக் கூட்டினால் ஏழு வாரம்தான்.

யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி 1981 இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகம் சுவரில் எப்படியாவது இருக்க வேண்டும் என்று நின்றாள். அங்கே சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. தீயை வரைந்தால் அனுமதி கிடைக்காது. மறைத்தால் அவள் இந்த வேலையில் இருக்க மாட்டாள். மூன்று கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் ஓலைச்சுவடி ஒன்றின் வரிசை பாய்ப் பின்னலாக மாறுகிற இடத்தில் அந்த ஓலைகளின் ஓரத்தைக் கருக்கினோம். அதற்கு எந்த விளக்கப் பலகையும் வைக்கவில்லை. தெரிந்தவர்கள் அந்த இடத்தில் நிற்பார்கள், தெரியாதவர்கள் ஏன் கறுப்பு என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் சொல்லியிருக்கிறோம். சிங்கள நண்பர்கள்தான் அதிகம் சொன்னார்கள்.

மொழிச் சண்டையும் வரும். எந்த மொழி மேலே, எந்த எழுத்து பெரிது என்று நீங்களும் ஒருநாள் முழுக்க இருப்பீர்கள். எங்களைக் காப்பாற்றியது ஒரு சொல். தைக்கிற, நெய்கிற இழையை நாம் நூல் என்பதைச் சிங்களத்தில் ‘நூல’ என்கிறார்கள். அந்த ஒரே சொல்லை இரண்டு எழுத்திலும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். தமிழ் எழுத்தைச் சிங்கள மாணவர் எழுதினார், சிங்கள எழுத்தை நான் எழுதினேன். தெருப் பலகைகளில் தமிழ் பிழைபிழையாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாங்கள். அதனால் பக்கத்தில் நின்று சுழியைச் சரிபார்த்தோம். சிங்களச் சுழியை நான் மூன்று தடவை அழித்து எழுத வேண்டி வந்தது.

இனி வேலை முறை. துணி நெய்கிறவர்கள் பூவேலையைக் கட்டத்தாளில்தான் போடுவார்கள், ஒரு கட்டம் ஓர் இழை. தோழி அந்தப் பழக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று முழுச் சுவரையும் தாளில் போட்டாள். சுவரில் மேசனின் நூலைச் சுண்ணாம்பில் தோய்த்துப் பிடித்துத் தெறித்து, ஓரடிச் சதுரமாக 378 கட்டம் போட்டோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கம், ஒவ்வொரு நிறத்துக்கும் இலக்கம். வரையத் தெரியாதவர்களும் இதில் கைவைக்கலாம். எங்கள் 31 பேரில் வரையத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்தான். யார் எந்தக் கட்டம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். ஒரே ஒரு விதி வைத்திருந்தோம். தன் ஊர்ப் பின்னலைத் தானே வரையக் கூடாது, வரைகிறவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் வேறெதை விட்டாலும் இந்த விதியை விடாதீர்கள். குண்டசாலைப் பையன் மருதமுனைச் சாரன் கரையைப் பூசும்போது, “ரெண்டு இழ விட்டு, மூணாவதுல ஏறணும்” என்று தோழி பின்னால் நின்று அதட்டுவாள். அவர்கள் கதைக்கத் தொடங்கியது அப்படித்தான்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தின் வழி அடைபடாமல் எதைப் பூசினாலும் உப்புப் பூத்து உரியும். புதுச் சாந்து என்றால் 28 நாளாவது காயட்டும். பூஞ்சணத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவிவிட்டுக் காயவிடுங்கள். எனாமல் பெயின்ற் வேண்டவே வேண்டாம், சுவர் மூச்சுவிட முடியாமல் கொப்புளம் போடும். வெளிச்சுவருக்கான எமல்ஷன் எடுங்கள். எங்கள் அளவுக்கு அடிப்பூச்சு இரண்டு கை அடிக்க 8 லீற்றர் பிடித்தது. நிறங்களில் காவியும் மஞ்சள் காவியும் போன்ற மண் நிறங்களை நம்புங்கள். சீகிரியாவில் ஆயிரத்தைந்நூறு வருடமாக நிற்பவையும் மண் நிறங்கள்தான். பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் வெயிலில் சீக்கிரம் வெளிறும். கீழே ஓரடியை வெறும் கருமண் நிறத்தில் விட்டுவிடுங்கள், மழைச் சேறு தெறிக்கிற இடம் அது. எங்கள் வளாகப் பக்கம் மழை குறைந்தது தை முதல் பங்குனி வரைதான், அதனால் மாசியில் தொடங்கினோம். நிறம் பகிரக் கன்ரீனில் சேர்த்த யோகட் கோப்பைகள் போதும்.

இன்னொன்று, ஒரு நிறத்தை முழுச் சுவருக்கும் போதுமான அளவு ஒரே தடவையில் கலந்து மூடிவையுங்கள். திரும்பக் கலந்தால் அதே நிறம் வராது. இதை நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் போகும்போது 290 கட்டம் முடிந்திருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு தீவிரவாதக் குழு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுத் தாக்குதல் நடத்தியது. 250 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாக்கப்பட்டவற்றில் எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயமும் ஒன்று. எங்கள் தெருவிலேயே செத்தவீடு. வளாகம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. திறந்தபோது 31 பேரில் 9 பேர்தான் சுவரடிக்கு வந்தோம். எனக்குள் கோபம் இருந்தது. தோழி மீதல்ல. ஆனால் அவளுக்கு அழைப்பெடுக்க எனக்கு ஆறு நாள் ஆனது, அதை ஒளிக்க மாட்டேன். “நான் வந்தா ஒங்களுக்குத்தான் கரச்சல். வேற ஆரையும் வெச்சி முடிங்க” என்றாள்.

அந்த நேரம் பார்த்து, மேலிடத்தில் இருந்த ஒருவர் இதை உடனே முடித்து நல்லிணக்க விழாவாகத் திறந்துவைப்போம், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்றார். நாங்கள் மறுத்துவிட்டோம். உங்களுக்கும் இப்படியொரு நாள் வரலாம். உங்கள் ஆக்களில் ஒரு பகுதி வீட்டுக்குள் பயந்து இருக்கும்போது அவர்களின் பூவேலைக்கு முன்னால் நாடா வெட்டாதீர்கள். குண்டசாலைப் பையன் அவளுக்குச் சீட்டில் விழுந்த 14 கட்டங்களிலும் சோக்கால் அவளுடைய பெயரின் முதலெழுத்தைத் தமிழில் எழுதிவைத்தான், வேறு யாரும் தொடக்கூடாது என்று. மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவான். மற்றக் கட்டங்களை மெதுவாக முடித்தோம்.

ஜூலையில் பரீட்சைக்கு வந்தவள் ஒரு விடியற்காலை ஆறு மணிக்குப் பெயின்ற் அறைத் திறப்பைக் கேட்டாள். வாளியில் நிறம் ஆடை கட்டி இறுகிப்போயிருந்தது. புதிதாகக் கலந்தோம், இரண்டு தடவை, மூன்று தடவை. சேரவில்லை. அந்த 14 கட்டமும் கொஞ்சம் கருமையாகவே நிற்கின்றன. பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். லாஸ் ஏஞ்சலிஸின் பெருஞ்சுவரைப் பாருங்கள். ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976 கோடையில் தொடங்கி, வெவ்வேறு இனப் பகுதிகளைச் சேர்ந்த 400 இற்கும் மேற்பட்ட இளைஞர்களோடு வெள்ளக் கால்வாய்ச் சுவர் ஒன்றில் 2,754 அடி நீளத்துக்கு வரைந்தார். அவர்களும் ஒவ்வொரு கோடையாகத்தான் முன்னேறினார்கள். வரைவதற்கு முன் வரலாற்றைக் கேட்டு, கதைத்து, அதற்குப் பிறகுதான் தூரிகை எடுத்தார்கள்.

கடைசியாகக் கடதாசி வேலை. நிறம் தீட்டிய அளவுப்படத்தில் நிர்வாகத்தின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, ஒரு பிரதியைப் பராமரிப்புப் பிரிவில் வையுங்கள். 2019 நவம்பரில் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் வரையத் தொடங்கினார்கள் அல்லவா? அழகான படங்களும் இருந்தன, மன்னர்களும் போர்வீரர்களுமாக எங்களுக்கு இடமில்லாத படங்களும் நிறைய இருந்தன. எங்கள் மதிலையும் வெள்ளையடித்து வேறு படம் போட ஒரு குழு வந்தது. அந்த முத்திரைத் தாள்தான் அதை நிறுத்தியது.

உங்கள் சுவரில் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிப் பார்த்துவிட்டு, உயரத்தையும் எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள். கட்டத்தாள் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். தோழி இப்போது ஊரில் தறியோடுதான் இருக்கிறாள், அவளையும் கேட்கிறேன்.